அக்கா மகனின் படிவத்தில் என்னையே பார்த்தேன்

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து 27 வயதுப் பெண் ஒருவர் மருத்துவரான எனக்கு எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை நானும் மாற்றியிருக்கிறேன். எஸ்டிமேட் சீட்டுகளின் பின்பக்கத்தில் நுணுக்கி நுணுக்கி எழுதிய பதினொரு பக்கம். அதன் சுருக்கம் இது.

குடும்பத்துக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை, முன்பக்கம் சின்னதாக ஒரு கடை. இவர் பி.காம். முடித்துவிட்டு அப்பாவுடன் கணக்கையும் எடையையும் பார்த்துக்கொள்கிறார். சென்ற வருடம் அக்காவின் நான்கு வயது மகனுக்கு ஆட்டிசம் என்று தெரியவந்தது. பயிற்சி மையத்தில் கொடுத்த கேள்விப் படிவத்தை அக்காவுக்குப் பதில் இவர் நிரப்ப உட்கார்ந்தார். "சத்தம் வந்தால் காதைப் பொத்திக்கொள்வானா, ஒரே சாப்பாட்டையே கேட்பானா, வழக்கம் மாறினால் அழுவானா என்று வரிசையாகக் கேள்வி. டிக் போடப் போட எனக்குக் கை நடுங்கிவிட்டது. அக்கா மகனின் படிவத்தில் என்னையே பார்த்தேன்" என்கிறார்.

பள்ளியில் இவருக்கு 'ஊமைக்கோட்டான்' என்று பட்டப்பெயர். கடைக்கு ஆள் வந்தால் எப்படிச் சிரிக்க வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்பதை அம்மாவைப் பார்த்து மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார். இரவு எட்டு மணிக்குக் கடை அடைத்தால் வாயில் சொல் வராது. போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு இருட்டில் படுத்துவிடுவார். ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்கு ஊரே தெருவில் நிற்கும்போது இவர் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டிருப்பார். இணையத்தில் 50 கேள்விகள் கொண்ட ஒரு சோதனையில் 36 வந்திருக்கிறது. தயங்கித் தயங்கி ஒரு மருத்துவரிடம் போயிருக்கிறார். "கண்ணைப் பார்த்துப் பேசுறீங்க, டிகிரி வாங்கியிருக்கீங்க, ஆட்டிசமெல்லாம் ஒண்ணும் இல்ல" என்று மூன்று நிமிடத்தில் அனுப்பிவிட்டார்களாம். பதினோரு வருடத் தோழி ஒருத்தியுடன் பேச்சு நின்றுபோய் ஒன்பது மாதம் ஆகிறது. கேள்விகள் இவை: எனக்கு ஆட்டிசமா? எங்கே போய்த் தெரிந்துகொள்வது? சான்றிதழ் வாங்கினால் குரூப் 4 தேர்வுக்கு உதவுமா, கல்யாணத்தைக் கெடுக்குமா? என் தோழி திரும்பப் பேசுவாளா?

அன்புள்ள தோழிக்கு,

ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரியை எழுதிவிட்டு, பேனாவை அழுத்தி அடித்திருக்கிறீர்கள். தாளை வெளிச்சத்தில் பிடித்தால் படிக்க முடிகிறது: "இருந்து என்ன ஆகப்போகுது." அதைப் படித்ததும்தான் உங்களைத் தொலைபேசியில் அழைத்து, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டேன். இல்லை, களைப்பாக இருந்தது, அவ்வளவுதான் என்றீர்கள். இதை இங்கே எழுத நீங்கள் சம்மதித்ததற்கு நன்றி. இதே வரியை எழுதி அடித்துவிட்ட வேறு சிலரும் இதைப் படிப்பார்கள். அந்த எண்ணம் எப்போது வந்தாலும், நடுராத்திரியானாலும், 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. வீட்டில் ஒருவரையாவது எழுப்பிச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்ட நான்கு கேள்விகளுக்கும் முன்னால் நிற்பது அந்தக் களைப்புதான். உங்கள் இயல்பு ஒன்று, உங்கள் களைப்பு இன்னொன்று. இயல்புக்குப் பெயர் வைக்கச் சில வாரங்களோ மாதங்களோ ஆகலாம். களைப்பைக் குறைக்க எந்தச் சான்றிதழும் வேண்டாம், நாளைக் காலையே தொடங்கலாம்.

காலை பத்திலிருந்து இரவு எட்டு வரை நீங்கள் இரண்டு வேலை பார்க்கிறீர்கள். ஒன்று கடை வேலை. இன்னொன்று, அம்மா போலச் சிரிப்பது, எதிரில் இருப்பவர் கண்ணை எத்தனை நொடி பார்ப்பது என்று கணக்கு வைப்பது, 'வீட்ல எல்லாரும் சௌக்கியமா' என்பதைச் சரியான இடத்தில் சொருகுவது. இப்படி இயல்பை மறைத்து நடமாடுவதை ஆங்கிலத்தில் மாஸ்க்கிங் என்கிறார்கள். ஆட்டிசம் உள்ள பெண்கள் பலர் இதைச் சிறு வயதிலேயே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். வெளிப்பார்வைக்கு 'ஒன்றும் இல்லை' என்று தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த மூன்று நிமிட மருத்துவர் பார்த்தது உங்கள் மனப்பாடத்தைத்தான்.

பட்டறைச் சுத்தியலும் பாலிஷ் மிஷினும் உங்களைத் தொந்தரவு செய்வதில்லை, மண்டபத்து மைக்கில் 'ஹலோ, ஹலோ' என்றால் உயிர் போகிறது, இது என்ன விசித்திரம் என்று கேட்டிருக்கிறீர்கள். சுத்தியல் சத்தம் எப்போது வரும் என்று உங்களுக்குத் தெரியும், அது ஒரே தாளம். மைக் எப்போது அலறும் என்று யாருக்கும் தெரியாது. இன்னொரு பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: ஒரு ஜோடிக் கொலுசைக் கையில் எடுத்து ஒரு தரம் குலுக்கினால், எந்தச் சலங்கைக்குள் முத்து இல்லை என்று சொல்லிவிடுவீர்களாம், அப்பா அதற்காகவே உங்களைக் கூப்பிடுவாராம். அதுவும் அதே காதுதான்.

அதனால் அப்பாவிடம் கேட்டு, எடை பார்ப்பதும் சரக்குச் சரிபார்ப்பதும் உங்களுக்கு, வாடிக்கையாளர் பேச்சு பெரும்பாலும் அம்மாவுக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். கூட்டம் அதிகமான நாட்களில் மதியம் இருபது நிமிடம் பின்னறையில் தனியாக இருங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை இயர்பிளக் ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். வீடு திரும்பியதும் அரை மணி நேரம் என்னிடம் யாரும் எதுவும் கேட்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தினமும் மதியம் தயிர்சாதமும் அதே ஊறுகாயும்தான் சாப்பிடுகிறேன், இதை மாற்ற வேண்டுமா என்கிறீர்கள். ரத்தத்தில் இரும்புச்சத்து சரியாக இருந்தால் மாற்ற வேண்டியதில்லை. இரண்டு மாதம் இப்படி இருந்து பாருங்கள். அப்போதும் தூக்கம் வராமல், பிடித்த காரியத்தில்கூட மனம் ஒட்டாமல் இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது, தள்ளிப்போடக் கூடாது.

எனக்கு ஆட்டிசமா?

கடிதத்தை மட்டும் படித்துவிட்டு ஆமாம் என்றோ இல்லை என்றோ சொன்னால், நானும் அந்த மூன்று நிமிட மருத்துவர் செய்ததையே செய்தவளாவேன். முறையாகப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் அளவுக்கு உங்கள் கடிதத்தில் காரணம் இருக்கிறது. அக்கா மகனுக்கு இருப்பதும் அதில் ஒன்று, ஏனென்றால் இதில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு.

சில எண்ணங்களை மட்டும் இப்போதே திருத்திக்கொள்ளுங்கள். "பட்டறைப் பூனை செத்ததற்கு இரண்டு நாள் அழுதேன், ஆட்டிசம் என்றால் பாசம் இருக்காதே" என்று எழுதியிருக்கிறீர்கள். பாசத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எதிராளி என்ன நினைக்கிறார் என்பதை முகத்தைப் பார்த்தவுடன் பிடிப்பது சிரமமாக இருக்கலாம். அவருக்கு வலிக்கிறது என்று தெரிந்துவிட்டால் மற்றவர்களைவிட அதிகமாகத் துடிப்பவர்களை நான் தினமும் பார்க்கிறேன். பட்டம் வாங்கியவருக்கு ஆட்டிசம் இருக்காது என்பதும் தவறு. பேச்சிலும் படிப்பிலும் பின்தங்காதவர்களுக்கு முன்பு ஆஸ்பெர்கர் என்று தனிப்பெயர் இருந்தது. 2013ல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு அதையும் ஆட்டிசத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டது. சத்தம், வெளிச்சம், துணியின் உறுத்தல் ஆகியவற்றைத் தாங்க முடியாமையும் அந்தப் பதிப்பில்தான் அறிகுறிப் பட்டியலுக்குள் வந்தது. ஆட்டிசத்தைத் தமிழில் 'மதி இறுக்கம்' என்பார்கள், அந்தச் சொல்லை நான் பயன்படுத்துவதில்லை. இத்தனை வருடத்தில் என் முன்னால் உட்கார்ந்த யாருக்கும் மதி இறுகிப்போய் நான் பார்த்ததில்லை.

நீங்கள் எழுதிப் பார்த்த 50 கேள்விச் சோதனை 2001ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் உருவாக்கியது. மேற்கொண்டு பார்க்கலாமா என்று முடிவு செய்ய உதவும், அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. சமூகப் பதற்றம் கடுமையாக உள்ளவர்களுக்கும் அதில் எண்ணிக்கை ஏறலாம். ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ ஆட்டிசத்தைக் காட்டாது. அப்படிச் சொல்லி யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அக்காவிடமும் சொல்லுங்கள்: ஆட்டிசத்தைக் குணப்படுத்துவதாக விற்கப்படும் ஸ்டெம் செல் ஊசிக்கு நிரூபணம் கிடையாது. அந்தப் பணம் பிள்ளையின் பேச்சுப் பயிற்சிக்குப் போகட்டும்.

எங்கே, எப்படி

சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலிருந்து தொடங்கலாம். தனியாரிடம் போவதென்றால் மனநல மருத்துவரிடமோ, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரிடமோ போங்கள். நேரம் வாங்கும்போதே "பெரியவர்களுக்கு ஆட்டிசம் பார்த்திருக்கிறீர்களா" என்று கேட்டுவிடுங்கள். அது அவமரியாதையான கேள்வி இல்லை. இங்கே சரிவராவிட்டால் பெங்களூரு நிம்ஹான்ஸ், சென்னைக்கு அருகில் முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் (NIEPMD) இரண்டும் இருக்கின்றன.

ஒரே சந்திப்பில் முடியாது. முக்கியமாகக் கேட்கப்போவது உங்கள் சிறுவயதைப் பற்றி, ஏனென்றால் ஆட்டிசம் நடுவில் வருவதில்லை. அடையாளங்கள் குழந்தைப் பருவத்திலிருந்தே இருக்க வேண்டும், வெளியே தெரிவதுதான் தாமதமாகலாம். ஆகவே அம்மாவையோ, உங்களைத் தூக்கி வளர்த்த அத்தையையோ அழைத்துப் போங்கள். பழைய ரேங்க் கார்டுகளில் ஆசிரியர் எழுதிய குறிப்புகள் இருந்தால் கொண்டுபோங்கள். அங்கே போனதும் வாய் அடைத்துவிடும் என்று பயப்படுகிறீர்கள். எனக்கு எழுதிய இந்தப் பதினொரு பக்கத்தையே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்கள். அதைவிட நல்ல வரலாறு கிடைக்காது. கவனக்குறைவு மிகைச்செயல்பாடு (ஏடிஎச்டி), சமூகப் பதற்றம், எண்ணச் சுழற்சி நோய் (ஓசிடி) இவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டிசத்துக்குப் பதிலாகவும் இவை இருக்கலாம், ஆட்டிசத்தோடு கூடவும் இருக்கலாம்.

கண்டறிவது வேறு, சான்றிதழ் வேறு

இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டுதான் நீங்கள் இத்தனை நாள் போகாமல் இருந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மருத்துவர் கண்டறிந்து சொல்வது உங்களுக்கும் அவருக்கும் இடையில் இருப்பது. அவர் அதை உங்கள் அனுமதியில்லாமல் அப்பாவிடம்கூடச் சொல்லக் கூடாது. ஆதாரிலோ வங்கியிலோ அது தானாகப் போய் ஏறிக்கொள்ளாது.

மாற்றுத்திறனாளி சான்றிதழும் அடையாள அட்டையும் நீங்களாக விண்ணப்பித்தால்தான் வரும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்கிறது, ஆட்டிசம் அதில் ஒன்று. அரசு வேலையில் 4 சதவீதம் ஒதுக்கீடு. அதில் 1 சதவீதத்தை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகிய எல்லாம் சேர்ந்து பகிர்ந்துகொள்ள வேண்டும். அதற்கும் குறைந்தது 40 சதவீதம் பாதிப்பு என்று அரசு மருத்துவக் குழு எழுதித் தர வேண்டும். ஐஎஸ்ஏஏ என்ற 40 கேள்விகள் கொண்ட இந்திய அளவுகோலை வைத்து மதிப்பெண் போடுவார்கள். பேச்சு வராத, கூப்பிட்டால் திரும்பாத குழந்தைகளை அது நன்றாகப் பிடிக்கும். உங்களைப் போல இருபது வருடம் மறைத்துப் பழகியவர்களுக்கு அதில் மதிப்பெண் குறைவாக வர வாய்ப்பு உண்டு. ஆட்டிசம் உறுதியாகி, சான்றிதழ் மட்டும் கிடைக்காமல் போகலாம் என்பதை இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். குரூப் 4க்கு ஒதுக்கீட்டை நம்பாமல் படியுங்கள். கிடைத்தால் பயன்படுத்திக்கொள்ளத் தயங்காதீர்கள், அது உங்கள் உரிமை. விண்ணப்ப விவரம் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கிடைக்கும்.

கல்யாணம் பற்றி அம்மா சொல்வதை எழுதியிருக்கிறீர்கள்: "இதெல்லாம் தாலி ஏறின பிறகு பாத்துக்கலாம்." அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் இதில் நான் அவர் பக்கம் இல்லை. கடையில் பத்து மணி நேரம் மறைப்பதற்கே இந்தக் களைப்பு. மறைத்துக் கட்டிக்கொண்டால் வீட்டிலும் மறைக்க வேண்டிவரும், போர்வைக்குள் ஒளிய இடம் இருக்காது. ஜாதகம் வரும் வீட்டுக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. பேச்சு உறுதியாகும் நிலையில், நிச்சயத்துக்கு முன்னால், அந்தப் பையனிடம் நீங்களே சொல்லுங்கள். பெயரைவிட விவரம் முக்கியம்: சத்தம் தாங்காது, இரவில் அரை மணி நேரம் பேசமாட்டேன், மனதில் பட்டதைச் சொல்லிவிடுவேன். இதைக் கேட்டுப் பின்வாங்குபவர் அப்போதே பின்வாங்குவது உங்களுக்கு நல்லது.

அம்மாவைப் பற்றி இன்னொன்று. பட்டறையில் ஊதுலை ஓரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டு வேலைக்கு உட்கார்ந்ததால்தான் நீங்கள் இப்படி ஆனீர்கள் என்று அவர் அழுகிறாராம். தாயின் கவனிப்புக் குறைவால் ஆட்டிசம் வருகிறது என்று போன நூற்றாண்டில் சில மருத்துவர்களே சொன்னார்கள், அது தவறென்று எப்போதோ நிரூபணமாகிவிட்டது. இந்தப் பத்தியை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

உங்கள் தோழி

நடந்ததை நீங்கள் எழுதியிருப்பதை வைத்தே பார்க்கிறேன். ஏழாம் மாதம் வளைகாப்பு, சேலத்தில் மண்டபம். நீங்கள் மேடையேறி வளையல் போட்டுவிட்டு, சந்தனம் பூசும்போது எல்லோர் காதிலும் விழும்படி, "மூஞ்சி கையெல்லாம் வீங்கியிருக்கே, பி.பி. பாத்தியா?" என்று கேட்டீர்கள். மாமியார் முகம் மாறியது. நீங்கள் அதைக் கவனிக்கவில்லை, மைக் சத்தத்தில் தலை வெடித்துக்கொண்டிருந்தது. சாப்பிடாமல், சொல்லாமல் கிளம்பிவிட்டீர்கள். அன்றிரவு அவளிடமிருந்து "சரி" என்று ஒரு சொல். பிறகு ஒன்றும் இல்லை.

மருத்துவராகச் சொல்கிறேன், நீங்கள் கேட்டது சரியான கேள்வி. கர்ப்பத்தின் பின்பகுதியில் முகமும் கையும் வீங்கினால் ரத்த அழுத்தம் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அவள் காதில் விழுந்தது என்ன? முதல் பிள்ளைக்கு, நலங்கு நேரத்தில், புகுந்த வீட்டார் சுற்றி நிற்க, அழகாக இருக்கிறாய் என்ற ஒரு சொல்லுக்குப் பதில் ஒரு குறை. பிறகு தோழி பந்தியில் உட்காராமலே போய்விட்டாள். நீங்கள் அக்கறையைச் சொன்னீர்கள், அவள் அவமானத்தைக் கேட்டாள். 2012ல் டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர், இதைப் பற்றி எழுதினார்: புரியாமை ஒரு பக்கத்துக் குறைபாடு அல்ல, இரு தரப்பும் ஒருவரையொருவர் தவறாகப் படிக்கிறார்கள் என்று. உங்கள் அக்கறையை அவளும் படிக்கவில்லை. ஆனாலும் முதல் அடியை நீங்கள்தான் வைக்க வேண்டும், ஏனென்றால் நடந்தது என்னவென்று இப்போது உங்களுக்குத்தான் தெரியும்.

அனுப்பாமல் வைத்திருக்கும் நான்கு பக்கச் செய்தியை எனக்கும் எழுதிக் காட்டியிருக்கிறீர்கள். அதில் மூன்றரைப் பக்கம் ஆட்டிசம் பற்றி. அதை அனுப்பாதீர்கள். இன்னும் உறுதியாகவில்லை என்பது ஒரு காரணம். மன்னிப்புக்கு முன்னால் விளக்கம் வந்தால் அது சாக்குப்போக்காகவே காதில் விழும் என்பது இன்னொன்று. இவ்வளவு போதும்:

"எல்லார் முன்னாடியும் மூஞ்சி வீங்கியிருக்குன்னு சொன்னது தப்பு. உனக்கு ஏதாவது ஆகிடுமோன்னு பயந்துதான் கேட்டேன். சத்தம் தாங்காம சொல்லாமக் கிளம்பிட்டேன், உன்மேல கோபம் இல்ல. உன்னையும் பாப்பாவையும் பாக்கணும். எப்ப வரட்டும்?"

அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வையுங்கள். நீல டிக் வந்ததா என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். கைக்குழந்தைக்காரிக்கு நேரம் இருக்காது. ஒரு மாதம் பதில் இல்லாவிட்டாலும் இரண்டாவது செய்தி அனுப்பாதீர்கள். பதில் வராமலே போகவும் கூடும், அது வலிக்கும். அப்படியானால் எனக்கு எழுதுங்கள்.

வரச் சொன்னால், அவள் இப்போது ஏற்காட்டில் அம்மா வீட்டில் இருப்பதாக எழுதியிருப்பதால், சனி ஞாயிறு வேண்டாம். சுற்றுலாக் கூட்டத்தோடு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள்ளேயே நீங்கள் களைத்துவிடுவீர்கள். வார நாளில் காலை முதல் பஸ்ஸில் ஏறுங்கள். ஒரு மணி நேரம்தான் இருப்பேன் என்று போனவுடனே சொல்லிவிடுங்கள், கிளம்பும்போது அவளுக்குச் சங்கடம் வராது. ஆட்டிசம் பற்றி அவளாகக் கேட்டால் சொல்லலாம்.

வளைகாப்பு முடிந்த வாரமே குழந்தைக்கென்று 24 கிராமில் ஒரு ஜோடிக் கொலுசு எடுத்து மேஜை இழுப்பறையில் வைத்ததாகக் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். குழந்தைக்கு இப்போது ஆறேழு மாதம் இருக்கும், கால் பெருத்திருக்கும். போவதற்கு முன் ஒரு கண்ணி சேர்த்துக்கொள்ளுங்கள், கொக்கியின் முனை உறுத்தாதபடி ராவிவிடுங்கள்.